கரப்பானின் ஆறாவது கால்

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் பெரிய கப்பல் வந்ததே, அந்த மழைக்காலம். தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதவன் நான். எது நடந்த சமயம் எது நடந்தது என்றுதான் என் ஞாபகம் நிற்கும். கப்பல் உள்ளே வரும்போது இரண்டு பக்கமும் படகுகள் நின்று தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததை டிவியில் காட்டினார்கள். எங்கள் ஸ்ரீவராகத்துத் தெருவில் பலர் பஸ் பிடித்துப் பார்க்கப் போனார்கள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரிதான் தடுத்தாள்.

"கப்பல் எங்க போயிரப் போகுது? இனி அங்கனதான் வரும் போகும். மழையில நனைஞ்சு இருமிக்கிட்டு வராதிய."

நான் போகவில்லை. அந்தக் கப்பல் போயும் விட்டது. அது போன மறு வாரம்தான் அவள் காதுக்குள் கரப்பான் பூச்சி புகுந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். உள்ளே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நான் சொல்வதில் பிசகு இருந்தால் அங்கிருந்தே திருத்துவாள். அதனால் நீங்கள் நெஞ்சில் கை வைக்காமல் கேட்கலாம்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு நாஞ்சில் நாடு. மீசை முளைக்கும் முன்பே இந்த மலையாளத்து ஊருக்கு வந்துவிட்டேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு விடலை போட வருகிறவர்களுக்குத் தேங்காய் விற்பதுதான் தொழில். எறிந்து உடைக்கிற தேங்காய். வேலை கிடைத்தவன், பரீட்சை எழுதப் போகிறவன், புது ஸ்கூட்டர் வாங்கினவன் எல்லோரும் வருவார்கள். நல்ல கனத்த ஓடாக எடுத்துக் கொடுத்தால் சிதறல் அழகாக இருக்கும். சிலர் எறிவது உடையாது, உருண்டு ஓடும். உடனே முகம் வெளுத்துப்போய், "அண்ணே, இது சகுனக் கேடா?" என்று கேட்பார்கள். "இல்ல, உம்ம கைக்குப் பெலன் இல்ல, அவ்வளவுதான்" என்று சொல்லி இன்னொன்று கொடுப்பேன். முட்டி தேய்ந்த பிறகு கடையை விட்டுவிட்டேன். இப்போது அக்கிரகாரத்துத் தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டில் நானும் அவளும் மட்டும். முன்கட்டில் வீட்டுக்கார மாமி. பெண்ணை நாகர்கோவிலில் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சின்ன வயதில் ஆற்றில் விழுந்து விழுந்து குளித்ததில் இடது காதில் சீழ் வைத்து, கவனிப்பார் இல்லாமல் ஜவ்வு ஓட்டையாகி, அந்தக் காது அப்போதே போய்விட்டது. பெண் பார்க்கப் போனபோது இதை மறைக்காமல் சொன்னார்கள். என் அம்மாதான், "ஒரு காதாவது இருக்குல்லா, இவன் பேசுற பேச்சுக்கு அது போதும்" என்று முடித்து வைத்தாள். அன்றிலிருந்து நான் அவளுடைய வலது பக்கத்து ஆள். நடந்தாலும் வலது பக்கம், பஸ்ஸில் உட்கார்ந்தாலும் வலது பக்கம்.

ஒரு சங்கதி கவனியுங்கள். அவள் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். தமிழ் எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். பஸ் போர்டு பார்த்துப் பார்த்து மலையாளமும் ஓரளவு வரும். எனக்குத்தான் ஒன்றும் வராது. அந்த ஒரு காதும் போனால், அவள் என்னிடம் பேசலாம், நான் அவளிடம் என்ன சொல்ல முடியும்? எழுதிக் காட்டுகிறவன் வீட்டில் சமாளித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது பேச்சு. அன்றைக்கு நான் பயந்ததெல்லாம் இது ஒன்றுக்குத்தான்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் தரையில் படுப்பாள். எப்போதும் நல்ல காதைத் தலையணையில் அழுத்தி, கேட்காத காதை மேலே வைத்துப் படுப்பது வழக்கம். அப்படிப் படுத்தால் தெருவில் போகிற வண்டி, மாமி வீட்டு மிக்சி, என் இருமல் ஒன்றும் அவளுக்குக் கிடையாது. "ஆண்டவன் எனக்கு மட்டும் சுவிட்சு வச்சுக் குடுத்திருக்கான்" என்பாள். அன்று மகள் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தாள். மணி அடித்தால் கேட்க வேண்டுமே என்று நல்ல காதை மேலே வைத்துப் படுத்தாள்.

வெளியே விடாத மழை. எங்கள் தெருவில் மழை வலுத்தால் ஓடையில் தண்ணீர் ஏறும். தண்ணீர் ஏறினால் அதில் இருக்கிற கரப்பான் எல்லாம் பகலென்றும் பார்க்காமல் குளியலறைத் துவாரம் வழியாக மேலே வரும். நான் விளக்குமாற்றை வைத்துக்கொண்டு அங்கே நின்று அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு குஞ்சு என்னைத் தாண்டி ஓடியதைப் பார்த்தேன். பெரியதை அடிக்கிற மும்முரத்தில் அதை விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்று கத்தினாள்.

"ஐயோ, உள்ள போயிட்டு. சருகு மேல நடக்க மாதிரி நடக்குது. எடுத்து விடுங்க, எடுத்து விடுங்க."

சத்தம் கேட்டு மாமி ஓடி வந்தாள். மாமிக்கு என் வயது இருக்கும். கையில் எப்போதும் செல்போன் இருக்கும்.

"எறும்பாக்கும். விளக்கை அணையுங்கோ, நான் டார்ச் அடிக்கறேன். வெளிச்சத்தைக் கண்டா தானா வந்துடும். எங்காத்துல எத்தனை தடவை பண்ணியிருக்கோம்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. சின்ன வயதில் என் காதில் எறும்பு போனபோது குத்துவிளக்கைக் காதருகே காட்டித்தான் எடுத்தார்கள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அதுதான் வழி. ஜன்னலைச் சாத்தினேன். மாமி போன் டார்ச்சை அவள் காதுக்கு நேராகப் பிடித்தாள். நான் குனிந்து பார்த்தேன். துவாரத்துக்குள் பழுப்பாக ஒரு பின்பக்கம் தெரிந்தது. அதன் நுனியில் குட்டியாய் இரண்டு கொம்பு. எறும்பு இல்லை, அந்தக் குஞ்சுதான். வெளிச்சம் பட்டதும் அது சரசரவென்று இன்னும் உள்ளே போய்விட்டது. அவள் துடித்த துடிப்பில் மாமியின் போன் கீழே விழுந்தது.

கரப்பான் வெளிச்சத்தைக் கண்டால் ஓடுகிற சாதி. இருட்டில் சமையலறை விளக்கைப் போட்டால் அது எங்கே ஓடும்? இருட்டான பொந்துக்கு. அங்கே இருந்த ஒரே இருட்டுப் பொந்து அவள் காது. வாழ்நாள் முழுக்கக் கண்ணால் பார்த்த சமாசாரம், அந்த நேரத்தில் எனக்கும் மாமிக்கும் புத்தியில் ஏறவில்லை.

மாமிக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் ஒண்ணு நெனச்சேன், இது வேறயா போச்சே. தேங்காயெண்ணெ விடுங்கோ. வேகம் விடுங்கோ."

அவளை மடியில் சாய்த்து, நல்ல தேங்காயெண்ணெயைக் கரண்டியில் எடுத்து விட்டேன். உள்ளே கொஞ்ச நேரம் உதறியது. பிறகு அடங்கியது. அவளுக்கு மூச்சு வந்தது.

"அப்பாடா. செத்துட்டு."

"வலிக்கா?" என்று கேட்டேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். "என்னது?"

"வலி இருக்கான்னு கேக்கேன்."

"ஒண்ணும் கேக்கல. ஏன் வாயை மட்டும் ஆட்டுதிய? சத்தமாச் சொல்லுங்க." இதை அவள் தெருவே கேட்கிற மாதிரிக் கத்திச் சொன்னாள். தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

கல்யாணம் ஆன நாள் முதல் நான் ஒன்று சொல்ல அவள் ஒன்பது சொல்வாள். முதல் முறையாக நான் சொன்னது அவளிடம் போய்ச் சேரவில்லை. மாமி ஆட்டோவுக்கு ஓடினாள். நான் சட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டு நின்றேன்.

ரெண்டு தெரு தள்ளி ஒரு காது டாக்டர் இருக்கிறார். சின்ன கிளினிக், முன்னறையில் பெஞ்சு, உள்ளே ஒரு நாற்காலி, கொக்கு மாதிரிக் கழுத்தை நீட்டிக்கொண்டு பெரிய மைக்ராஸ்கோப். டாக்டர் மலையாளிப் பெண். என் பேத்தி வயதுதான் இருக்கும். கோயம்புத்தூரில் படித்ததால் தமிழ் வரும், ஆனால் பாதியில் மலையாளத்துக்குள் இறங்கிவிடும். என்னை அப்பூப்பா என்று கூப்பிட்டாள். இந்த ஊரில் தாத்தாவை அப்படித்தான் சொல்வார்கள்.

"எண்ணெ விட்டது சரி, அப்பூப்பா. ஊக்கு ஒண்ணும் விட்டில்லல்லோ?"

"இல்ல. டார்ச் அடிச்சோம்."

"ஆ, அதான் இத்தற தூரம் உள்ள போயிருக்கு."

மரத்துப் போகிற மருந்தைக் காதில் விட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். அந்த நேரத்தில் நான் கேட்டேன், எண்ணெய் விட்டதும் அது எப்படிச் செத்தது, மூக்கில் எண்ணெய் ஏறியா என்று. டாக்டர் சிரித்தாள்.

"அதுக்கு முகத்துல மூக்கு இல்ல. உடம்போட ரெண்டு சைடுலயும் சின்னச் சின்ன ஓட்டை உண்டு. மூச்சு அது வழியா. எண்ணெ அதை அடைக்கும்."

விலாவில் மூச்சுவிடுகிற ஜென்மத்தை இத்தனை காலம் விளக்குமாற்றால் அடித்திருக்கிறேன், எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிறகு மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, மெல்லிய இடுக்கியால் எடுக்க ஆரம்பித்தாள். முழுசாக வரவில்லை. எண்ணெயில் ஊறி வழுக்கியது. காலில் எல்லாம் முள், அது காதின் தோலில் மாட்டிக்கொண்டது. முன்னால் போக அந்த முள் தோதாக இருக்குமாம், பின்னால் வர விடாதாம். அதனால்தான் உள்ளே போனது திரும்பி வரத் தெரியாமல் கிடந்து பிறாண்டியது.

துண்டு துண்டாக எடுத்து, ஒரு தட்டில் வெள்ளைத் துணி விரித்து அதில் வைத்துக்கொண்டே வந்தாள். வைக்கும்போது மெதுவாகச் சொல்லிக்கொள்வாள். வயிறு. அதில் வளையம் வளையமாகக் கோடு. பிறகு ஒரு கால். இன்னொரு கால். பிறகு நெஞ்சு, அதோடு ஒட்டிக்கொண்டு இன்னும் சில கால்கள். கடைசியில் தலை. அது மேலே ஒரு கேடயம் மாதிரி மூடி வைத்து, கீழே குனிந்தபடி இருந்தது. தலையில் நூல் மாதிரி நீண்ட இரண்டு கொம்பு. சிறகு முளைக்காத குஞ்சு என்றாள்.

எல்லாம் வந்துவிட்டது என்று நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன். டாக்டர் தட்டைப் பார்த்துக் குனிந்து இடுக்கி நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முகம் மாறியது.

"அப்பூப்பா, கால் அஞ்சுதான் இருக்கு."

"அஞ்சு போதாதா?"

"பூச்சின்னா ஆறு வேணும். மூணு ஜோடி, எல்லாம் நெஞ்சுல இருந்து. வயித்துல கால் கிடையாது. ஒண்ணு உள்ள விட்டுப்போச்சோன்னு தெரியல."

மறுபடி காதுக்குள் பார்த்தாள். உள்ளே வீங்கி, கொஞ்சம் ரத்தமும் கசிந்திருந்ததால் ஜவ்வு வரை தெரியவில்லை என்றாள். கால் அங்கே இருந்தால் அதன் முள் ஜவ்வில் குத்திப் பழுக்கும். பழுத்தால் ஓட்டை விழலாம். நான் இடது காதின் கதையைச் சொன்னேன். டாக்டர் இன்னும் கவலையாகிவிட்டாள். கால் கிடைக்காவிட்டால் மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

இவ்வளவும் நடக்கும்போது என் வீட்டுக்காரி நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுதா?"

நான் ஐந்து விரலைக் காட்டினேன்.

"அஞ்சு மணிக்கு வரச் சொல்லுதாளா?"

இல்லை என்று தலையை ஆட்டி, என் காலைத் தொட்டுக் காட்டினேன்.

"உங்க முட்டிவலிய இப்ப எதுக்கு அவகிட்டச் சொல்லுதிய? எனக்குப் பாக்க வந்தோமா, உங்களுக்குப் பாக்க வந்தோமா?"

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி எல்லா நாளும் இப்படித்தானா என்று நினைத்தேன். உப்பு போதவில்லை என்று சொல்ல நாக்கைக் காட்ட வேண்டும். மகள் போனில் என்ன சொன்னாள் என்று எதைக் காட்டுவேன்? டாக்டருக்குத் தமிழ் எழுத வராது, விஷயத்தை ஒரு காகிதத்தில் மலையாளத்தில் எழுதி அவளிடம் கொடுத்தாள். என் வீட்டுக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குப் பஸ் போர்டு தேவலாம்" என்று என் கையில் கொடுத்தாள். நான் அதை வைத்து என்ன செய்வேன்? மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

டாக்டர்தான் ஒரு வழி சொன்னாள். எண்ணெய் விட்டபோது வழிந்ததோடு கால் வெளியே வந்திருக்கலாம். வீட்டில் துடைத்த துண்டு, கரண்டி, படுத்திருந்த இடம் எல்லாம் பார்த்து, கால் மாதிரி எது கிடைத்தாலும் எடுத்து வரச் சொன்னாள். அதற்குள் வீக்கத்துக்கு மருந்து வைத்துப் பார்ப்பதாகச் சொன்னாள்.

அவளை அங்கேயே விட்டுவிட்டு அதே ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினேன். மாமி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சமாசாரத்தைக் கேட்டதும் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு அவளும் என்னோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். துண்டை விரித்து மடிப்பு மடிப்பாகப் பார்த்தோம். கரண்டியைப் பார்த்தோம். பிறகு தரை, பாய் ஓரம், அலமாரிக்கு அடி. மாமிக்குக் கண்ணாடி போட்டாலும் பார்வை பத்தாது. எனக்குக் கிட்டத்தில் பார்வை மங்கி ரொம்ப நாளாயிற்று. எது கால், எது விளக்குமாற்றுத் தும்பு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"இதோ ஒரு கால்," என்பாள் மாமி.

"அது சீரகம், மாமி."

"சீரகத்துக்கு முள் இருக்குமா? நன்னாப் பாருங்கோ."

"காம்பு, மாமி. சீரகத்துக் காம்பு."

"எதுக்கும் எடுத்து வையுங்கோ. டாக்டர் பாத்துப் பிரிச்சுக்கட்டும்."

நாங்கள் தேடின தேடலில்தான் தெரிந்தது, ஒரு வீட்டின் மூலையில் எத்தனை பூச்சிக் கால்கள் கிடக்கின்றன என்று. பல்லி தின்றுவிட்டு மிச்சம் போட்டதெல்லாம் அலமாரிக்கு அடியில் இருந்தது. என் வீட்டுக்காரியைக் கேட்டால் தினமும் பெருக்குகிறேன் என்பாள். பெருக்கத்தான் பெருக்குகிறாள், நான் குறை சொல்லவில்லை. கால் என்று தோன்றிய எல்லாவற்றையும் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, விபூதிப் பொட்டலம் மாதிரி மடித்து எடுத்துக்கொண்டேன். ஆட்டோக்காரர், "எந்தா, பிரசாதமா?" என்று கேட்டார்.

டாக்டர் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டின் ஒரு ஓரத்தில் கொட்டினாள்.

"அப்பூப்பா, நான் ஒரு கால் கேட்டேன்."

"எதுவோ ஒண்ணு சேரட்டும்னு..."

தட்டை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "இது தத்துக்கிளி. தொடை கண்டோ, குதிக்கிறதுக்காக இத்தற தடியா இருக்கு. இது சிலந்தி. அதுக்கு எட்டுக் கால், அது பூச்சியே இல்ல. இது சீரகம்." என்னைத் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தாள். "இது கரப்பானோடதுதான். ஆனா நம்ம ஆளோடது இல்ல. இது அவனோட அப்பூப்பன்."

அளவு எவ்வளவு வித்தியாசம் என்று காட்ட, அந்தப் பெரிய காலை நம் குஞ்சின் நெஞ்சுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். வைத்தவள் அப்படியே நின்றாள். ஊசி ஒன்றை எடுத்து, நெஞ்சுத் துண்டை மெதுவாகப் புரட்டினாள். எண்ணெய் ஒட்டியிருந்த இடத்தை ஊசி நுனியால் நீவினாள். பிறகு மலையாளத்தில் தனக்குத்தானே ஏதோ சொன்னாள்.

"என்ன டாக்டரே?"

"அப்பூப்பா, வா. இங்க கண்ணு வை."

என்னை அந்த மைக்ராஸ்கோப்பில் பார்க்க விட்டாள். முதலில் என் இமைதான் தெரிந்தது. கொஞ்சம் பழகியதும் வந்தது பாருங்கள். நான் ஏதோ அழுக்குப் பழுப்பு என்று நினைத்திருந்தது, எண்ணெய் பூசித் துடைத்த கொட்டாங்கச்சி மாதிரி மினுங்கியது. நெஞ்சு மூன்று கட்டாக இருந்தது. ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு பக்கமும் கால் மாட்டுகிற குழி. ஐந்து குழியில் காலோ, கால் பிய்ந்த அடையாளமோ தெரிந்தது. நடுக்கட்டில் ஒரு பக்கம், குழியில் இருந்து வெளிறின நிறத்தில் ஒரு சின்னக் கால் மடங்கி, எண்ணெயில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. மற்றக் கால் அளவில் பாதிகூட இல்லை. ஆனால் தொடை இருந்தது, முழங்கால் இருந்தது, முள் இருந்தது, நுனியில் கொக்கி நகமும் இருந்தது. ஒன்றும் விட்டுப்போகவில்லை. பொம்மைக்குச் செய்து வைத்த மாதிரி.

"ஆறு," என்றாள் டாக்டர். "ஆறும் உண்டு."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் விளக்கிச் சொன்னாள். நமக்கு எலும்பு உள்ளே, சதை வெளியே. பூச்சிக்கு எலும்பு உள்ளே கிடையாது. வெளியே இருக்கிற ஓடுதான் அதற்கு எலும்பு, அதுதான் தோல், அதுதான் சட்டை. ஓடு வளராது. உடம்பு வளர்ந்து இடம் போதாமல் போனால் பழைய ஓட்டை வெடித்துவிட்டு வெளியே வர வேண்டும், புது ஓடு இறுகும். குஞ்சாக இருக்கும்போது பல்லியிடமோ எதனிடமோ மாட்டிக் கால் போனாலும், அடுத்த முறை ஓடு மாற்றும்போது அதே குழியில் புதுக் கால் வரும். முதல் தடவை இப்படிச் சின்னதாக வரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகும். இந்தக் குஞ்சு முன்பு எங்கேயோ ஒரு காலைக் கொடுத்துத் தப்பியிருக்கிறது.

"நான் முதல்ல கவனிக்கல," என்றாள். "அப்பூப்பா, நீங்க அந்தப் பெரிய கால் கொண்டு வந்ததாலதான் பக்கத்துல வச்சுப் பாத்தேன்."

மருந்துக்கு வீக்கமும் சற்று வடிந்திருந்தது. மறுபடி காதுக்குள் பார்த்து, எண்ணெயை உறிஞ்சி எடுத்தாள். ஜவ்வு தெரிகிறது, முழுசாக இருக்கிறது, மேலே கீறல் மட்டும்தான் என்றாள். அவள் அதைச் சொன்னபோது நான் என் வீட்டுக்காரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்க முடியாது. மெதுவாக, வழக்கமாகக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டேன்.

"ஏட்டி."

"என்ன?" என்றாள், திரும்பாமலே. "பின்னால நின்னு என்னத்துக்குக் கூப்பிடுதிய? முன்னால வாங்க."

நான் முன்னால் போனேன். வலது பக்கமாகத்தான்.

"கேக்குதா?"

"அடைச்ச மாதிரி இருக்கு. கேக்குது. சட்டைய ஏன் திருப்பிப் போட்டிருக்கிய? இப்படியேவா ஊரெல்லாம் சுத்தினிய?"

டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்த ஏச்சு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் ஏசட்டும் என்று அப்படியே நின்றேன்.

ஐந்து விரலின் கதையை, குட்டிக் காலின் கதையை, பொட்டலத்தின் கதையை அங்கேயே அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். டாக்டர் காட்டினாள். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பாவம். அதுக்கும் ஒண்ணு கொறச்சல்தான்," என்றாள். "ஆனா அதுக்குத் திரும்ப மொளைக்குது. எனக்குத்தான் மொளைக்கல."

"உனக்கு ஒண்ணே ரெண்டு காதுக்குச் சமம்," என்றேன்.

"போதும். டாக்டருக்கு முன்னால வச்சு."

சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, காதில் தண்ணீர் படாமல் பார்க்கச் சொல்லி அனுப்பினாள். அடைப்பு இரண்டொரு நாளில் போய்விட்டது. மாமி அன்று சாயங்காலமே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போகிறேன் என்று கிளம்பினாள், மழையைப் பார்த்துவிட்டு மறுநாளைக்கு வைத்துக்கொண்டாள். நான் குளியலறைத் துவாரத்துக்கு வலை அடித்தேன்.

இப்போது உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் வாயால் சொன்னால் இந்தத் தெருவோடு நின்றுவிடும். நீங்கள் போகிற இடத்தில் எல்லாம் சொல்லுங்கள், கேட்கிறவர்களை இன்னும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். காதில் பூச்சி போனால் ஊக்கு, ஈர்க்கு எதுவும் விட வேண்டாம். கரப்பானாக இருந்தால் டார்ச் காட்டவே வேண்டாம், அது வெளிச்சத்துக்குப் பயந்து உள்ளேதான் போகும். காதில் முன்பே ஓட்டையோ சீழோ இல்லாதவர்களுக்கு எண்ணெய் விட்டு அதை அடக்கலாம். இருப்பவர்களுக்கு ஒன்றும் விடாமல் நேரே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இது டாக்டர் சொன்னது. நான் சொல்வது இது: எடுத்த பிறகு கால் ஐந்துதான் இருக்கிறது என்று யாராவது சொன்னால், உட்கார்ந்து அழுவதற்கு முன்னால் அந்த நெஞ்சை ஒரு தடவை புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சின்னதாக ஒன்று மடங்கிக் கிடக்கலாம். இதையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.